அப்பச்சிக்கு ஒரு நாளைக்கு 11 மாத்திரை, அம்மானுக்குக் கோபம்

கோட்டையூரிலிருந்து ஒருவர் கேட்டது, 3 மார்ச் 2025

அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) வயது 74. காலையில் 6, மதியம் 1, இரவு 4, ஆக 11 மாத்திரை. சோற்றை விட மாத்திரைதான் அதிகம் உள்ளே போகிறது. அம்மான் (தாய்மாமன்) வந்து பார்த்துவிட்டு, இங்கிலீஷ் மருந்தே ஒரு வியாபாரம், எல்லாவற்றையும் குப்பையில் கொட்டிவிட்டு நாட்டு மருந்துக்கு மாறுங்கள் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். அவர் சொல்வதில் உண்மையே இல்லையா?

3 மார்ச், இரவு

வியாபாரம்தான், அதில் என்ன சந்தேகம். அந்த வியாபாரத்தில் நானே 2003 முதல் 2014 வரை 11 வருடம் இருந்தேன். மெடிக்கல் ரெப், அதாவது மருந்துக் கம்பெனியின் விற்பனை ஆள். கறுப்புப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், திருப்பத்தூர் என்று சுற்றி, டாக்டர் வீட்டுத் திண்ணையில் நோயாளிகளோடு நோயாளியாக உட்கார்ந்திருந்து, கடைசி ஆள் போன பிறகு கிடைக்கிற இரண்டு நிமிடத்தில் படம் காட்டிப் பேசிவிட்டு, பேனாவும் சாம்பிளும் வைத்துவிட்டு வருவது. மாதக் கடைசியில் டார்கெட் எட்டவில்லை என்றால் ஸ்டாக்கிஸ்ட் (மொத்த மருந்து வியாபாரி) காலில் விழாத குறை.

எழுதச் சொல்லி ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். ஒரு மாத்திரையை எப்போது நிறுத்த வேண்டும் என்று எனக்கு ஒரு பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. நிறுத்தினால் யாருக்கு இன்சென்டிவ்?

ஆனால் அம்மானிடம் ஒன்று கேளுங்கள். வியாபாரத்திலேயே வளர்ந்த நம் செட்டிநாட்டு ஆள், வியாபாரம் என்பதைத் திட்டுகிற வார்த்தையாக எப்போதிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்?

11 மாத்திரைக்கும் பெயர் எழுதுங்கள். பெயர் தெரியாமல் பேசுவதில் பயன் இல்லை.

4 மார்ச்

அவர் பட்டியல் அனுப்பும் வரை என் ஆத்தா கதை.

2019இல் ஆத்தாவுக்குப் பிரஷர் 170க்கு மேல். அம்லோடிபின் 10 மில்லிகிராம் கொடுத்தார்கள். பிரஷர் நன்றாக இறங்கிவிட்டது. ஒரு மாதத்தில் கணுக்கால் வீங்கியது. சாயங்காலம் பட்டாலையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும்போது நான் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், பணியாரச் சட்டி மாதிரி குழி விழுந்து அப்படியே நின்றது. சரி, நீர் கோத்திருக்கிறது என்று வேறொரு டாக்டர் நீர் பிரிகிற மாத்திரை எழுதினார். ராத்திரி நான்கு தடவை எழுந்து, இரண்டாம் கட்டைக் கடந்து பின்கட்டுக்கு நடை. வீக்கம் மட்டும் வற்றவில்லை. அப்புறம் கெண்டைக்காலைப் பிடித்து இழுத்தது, பரிசோதித்தால் பொட்டாசியம் குறைவு. அதற்கு ஒரு சிரப், வாயில் வைக்க முடியாத சிரப். அடுத்து பெருவிரல் கணு சிவந்து வலி, யூரிக் ஆசிட் ஏறிவிட்டதாம். அதற்கு ஒரு மாத்திரை.

ஒன்று நான்கானது. ஒவ்வொரு சீட்டையும் தனியாகப் பார்த்தால் எந்த டாக்டரும் தப்புச் செய்யவில்லை. நான்கையும் சேர்த்து யாருமே பார்க்கவில்லை, ரெப்பாக இருந்த மகனும் பார்க்கவில்லை. அம்லோடிபின் ரத்தக் குழாயை விரித்துவிடுவதால் நீர் கசிந்து கணுக்காலில் இறங்குகிறது. உடம்பில் நீர் கூடியதால் வருகிற வீக்கம் இல்லை அது, அதனால் நீர் மாத்திரைக்கு அசையாது. அந்த நீர் மாத்திரைதான் பொட்டாசியத்தை இறக்கி, யூரிக் ஆசிடை ஏற்றியது. கடைசியில் ஒரு வயதான டாக்டர் நான்கு சீட்டையும் மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்துப் பார்த்துவிட்டு, அம்லோடிபினை 5 ஆக்கி கூடவே டெல்மிசார்டன் என்ற வேறொரு பிரஷர் மாத்திரை சேர்த்தார். இரண்டு வாரத்தில் கால் பழைய கால். மற்ற மூன்றும் ஒவ்வொன்றாகப் போய்விட்டன.

அந்த டாக்டரும் இங்கிலீஷ் டாக்டர்தான்.

5 மார்ச்

பட்டியல் வந்துவிட்டது. காலை: பேன்டப்ரசோலும் டோம்பெரிடோனும் சேர்ந்த கேஸ் மாத்திரை, மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த சர்க்கரை மாத்திரை, அம்லோடிபின் 5, டெல்மிசார்டன், ஆஸ்பிரின் 75, பி காம்ப்ளக்ஸ். மதியம் மெட்ஃபார்மின். இரவு கொழுப்புக்கு அடோர்வாஸ்டாடின், கால்சியம், மறுபடி அதே கேஸ் மாத்திரை, தூக்க மாத்திரை.

என் கண்ணை முதலில் உறுத்துவது இரண்டு. கேஸ் மாத்திரை இரண்டு வேளை எதற்கு? பெரும்பாலும் ஏதோ ஒரு காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக்கோடு துணைக்கு வந்தது, ஆன்டிபயாடிக் போய்விட்டது, துணை வந்தவர் வீட்டோடு தங்கிவிட்டார். அதில் இருக்கிற டோம்பெரிடோன் பற்றி ஐரோப்பிய மருந்து முகமை 2014இலேயே எச்சரித்திருக்கிறது: இதயத் துடிப்பைக் குலைக்கலாம், குமட்டலுக்கும் வாந்திக்கும் மட்டும் கொடுங்கள், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று. நம் ஊரில் அதை வருடக்கணக்கில் காபிக்கு முன்னால் போடுகிறார்கள்.

அடுத்தது ஆஸ்பிரின். மாரடைப்பு வராதவர்கள் முன்கூட்டியே போடுவது பற்றி ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,000க்கு மேற்பட்ட முதியவர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு, 2018இல் முடிவு வந்தது. பலன் தெரியவில்லை, ரத்தக் கசிவுதான் கூடியது. ஆக கேஸ், ஆஸ்பிரின் இரண்டையும் முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.

6 மார்ச், காலை 6 மணி

நேற்று எழுதியதை வைத்து எதையும் நிறுத்திவிடாதீர்கள். ராத்திரி 11 மணிக்குக் கோட்டையூர்க்காரர் சாவகாசமாக ஒரு வரி எழுதியிருக்கிறார்: "சொல்ல மறந்துவிட்டேன், 2016இல் அப்பச்சிக்கு ஸ்டென்ட் வைத்தார்கள்."

இதையா சொல்ல மறப்பது?

அடைத்த இதய ரத்தக் குழாயை விரித்துப் பிடிக்க ஸ்டென்ட் என்ற வலைக்குழல் வைத்தவருக்கு ஆஸ்பிரின் கதையே வேறு. நான் சொன்ன ஆய்வு அவரைப் போன்றவர்களைப் பற்றியதே இல்லை. அவருக்கு அது வேண்டும். அப்புறம் 74 வயதில் தினம் ஆஸ்பிரின் போடுகிறவருக்கு இரைப்பையில் புண்ணும் கசிவும் வராமல் இருக்க ஒரு வேளை கேஸ் மாத்திரையும் நியாயம்தான். அதாவது 11இல் முதலில் வெட்டலாம் என்று நான் கை காட்டியதில் ஒன்று முழுதாகவும் ஒன்று பாதியும் இருக்க வேண்டியவை. கேஸ் மாத்திரையின் ராத்திரி வேளையும் டோம்பெரிடோனும் பற்றி நான் கேட்டது மட்டும் இன்னும் நிற்கிறது.

11 வருடம் மருந்துப் பையோடு திரிந்தவன் ஒரு ராத்திரியில் இவ்வளவு சறுக்கினால், வீடியோ பார்த்து வைத்தியம் சொல்கிற அம்மானைப் பற்றி நான் என்ன சொல்ல.

6 மார்ச், மதியம்

தூக்க மாத்திரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வயதானவர்களுக்கு அது தள்ளாட்டம், ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பு எலும்பு முறிவு. ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் தண்ணீர் சிந்தியிருந்தால் கேட்கவே வேண்டாம். அதற்காக நாளையிலிருந்து போடாதே என்று பிடுங்கி வைத்துவிடவும் கூடாது, நெடுநாள் போட்டவருக்குத் திடீரென்று விட்டால் நடுக்கம், சிலருக்கு வலிப்பே வரும். வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும். அதுவும் எழுதிய டாக்டர் சொல்லி.

9 மார்ச்

பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் கேட்டிருக்கிறார், கேஸ் மாத்திரையை நிறுத்தினால் நெஞ்சு எரிகிறதே, அப்படியென்றால் உடம்புக்கு அது தேவை என்றுதானே அர்த்தம் என்று. ஆச்சி, நானும் இதே கணக்கைத்தான் போட்டேன்.

ரெப் வேலையில் மதியச் சாப்பாடு 4 மணிக்கு, அதுவும் புரோட்டா. பையிலேயே சாம்பிள் கிடக்கிறது, போட்டேன். 6 வருடம். வேலையை விட்ட பிறகு ஒரு நாள் வீரமாக நிறுத்தினேன். மூன்றாம் நாள் ராத்திரி தொண்டை வரைக்கும் தீ, தலையணை மூன்று வைத்தும் படுக்க முடியவில்லை, விடியற்காலை மறுபடி போட்டுவிட்டேன். எனக்கு இது ஆயுசுக்கும் என்று முடிவே கட்டியாகிவிட்டது.

2009இல் டென்மார்க்கில் நெஞ்செரிச்சலே இல்லாத 120 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தியிருக்கிறார்கள். ஒரு பாதிக்கு இந்த வகை மாத்திரை 8 வாரம், மறு பாதிக்கு வெறும் மாவு மாத்திரை. நிறுத்திய பிறகு மாத்திரை போட்டவர்களில் 44 சதவீதம் பேருக்கு எரிச்சல், அஜீரணம். மாவு மாத்திரைக்காரர்களில் 15 சதவீதம். நோயே இல்லாதவர்களுக்கு! அமிலத்தை அடைத்து வைத்த காலமெல்லாம் வயிறு அதை ஈடுகட்ட ஆள் சேர்த்துக்கொண்டே இருக்கிறது, அடைப்பை எடுத்ததும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வேலைக்கு வந்துவிடுகிறார்கள். சில வாரங்களில் தானாக அடங்கும். நான் அளவைப் பாதியாக்கி, அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், ராத்திரிச் சாப்பாட்டை 8 மணிக்குள் முடித்து, இரண்டு மாதத்தில் வெளியே வந்தேன். புரோட்டாவை விட்டேனா என்று கேட்காதீர்கள்.

14 மார்ச்

தேவகோட்டைக்காரர் நீளமாக எழுதியிருக்கிறார். சாரம் இதுதான்: நோயின் அளவுகோலையே இறக்கி இறக்கி நம்மையெல்லாம் நோயாளி ஆக்கிவிட்டார்கள். தகவல் சரிதான். வெறும் வயிற்றுச் சர்க்கரை 140க்கு மேல் போனால்தான் நோய் என்று இருந்தது, 1997இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 126 ஆக்கியது. பிரஷர் 140/90 என்று இருந்ததை 2017இல் அமெரிக்க இதய அமைப்புகள் 130/80க்குக் கொண்டுவந்தன. நலமாகப் படுத்தவன் நோயாளியாக எழுந்தான். நான் பையோடு திரிந்த காலத்தில் சொல்வோம், ஒரு புள்ளி இறங்கினால் ஏரியா மேனேஜர் வீட்டில் ஒரு மாடி ஏறும் என்று.

15 மார்ச்

நேற்று எழுதியதில் மாடி வரைக்கும் ஜோக், கணக்கில்தான் ஓட்டை. ஒரு டாக்டர் படித்துவிட்டுத் திருத்தினார். 126 சும்மா வரவில்லை, கிட்டத்தட்ட அந்த அளவிலேயே கண்ணின் விழித்திரையில் சேதம் தொடங்குவது தெரிந்துதான் இறக்கினார்களாம். பிரஷரிலும், ஐரோப்பாவில் இன்னும் 140/90தான் கோடு, நம் அரசுத் திட்டங்களிலும் அதுதான், எல்லாரும் அமெரிக்காவுக்குத் தலையாட்டிவிடவில்லை. அமெரிக்கா இறக்கியதற்கும் 2015இல் வந்த ஒரு பெரிய சோதனை காரணம். மேல் அளவை 120க்குக் கீழே கொண்டுவந்தவர்களுக்கு மாரடைப்பு, இதயச் செயலிழப்பு போன்றவை கால் பங்கு குறைந்தன. அதே சோதனையில் பிரஷர் தாழ்ந்து மயங்குவதும் சிறுநீரகக் கோளாறும் கூடின, சர்க்கரை நோயாளிகளை அதில் சேர்க்கவே இல்லை. ஆக யாருக்கு எவ்வளவு என்பதில்தான் பேச்சு இருக்கிறது. எல்லாம் சதி என்பது போல நான் எழுதியது என் பழைய கடுப்பு.

20 மார்ச்

இதை எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். என் பங்காளி ஒருவர், 52 வயது, பிரஷர் என்பது நோயே இல்லை என்ற வீடியோவைப் பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்தினார். என்னிடம் சொன்னார். "உனக்குத்தான் உள்விவகாரம் தெரியுமே" என்று சொன்னார். நான் ரெப் காலத்துக் கதைகளை அவரிடம் நிறையச் சொல்லியிருந்தேன், டாக்டர்களுக்கு என்னென்ன பரிசு போகும், எப்படி எழுத வைப்போம் என்றெல்லாம், சிரிக்கச் சிரிக்க. அவர் அதிலிருந்து எடுத்துக்கொண்டது இது.

மூன்று மாதம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருந்தவர் இலையில் இருந்த சீப்புச் சீடையை எடுக்கப் பார்க்கிறார், விரல் மூடவில்லை. நான் எதிர்வரிசை. சிரித்தேன், விளையாடுகிறார் என்று நினைத்து. அப்புறம் வாய் ஒரு பக்கம் இறங்கியது. பக்கவாதத்துக்கு ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பித்த மயக்கம், கொஞ்சம் படுக்க வையுங்கள் என்று பெரியவர்கள் சொல்லி, தைலம் தேய்த்து, மோர் கொடுத்துப் பார்த்து (விழுங்கத் தெரியாமல் புரையேறியது), மதுரைக்கு வண்டி எடுக்கும்போதே நான்கு மணி நேரம் ஓடிவிட்டது. மதுரை போய்ச் சேரவே இரண்டு மணி நேரம்.

இப்போது நடக்கிறார். வலது கை அப்படியேதான். கணக்குப் பிள்ளைகளைப் போல முத்து முத்தாக எழுதுவார்.

22 மார்ச்

நாட்டு மருந்தைப் பற்றி ஏன் வாயே திறக்கவில்லை என்று அம்மானே நேரில் வந்துவிட்டார், வணக்கம் அண்ணே.

எனக்கு அதன் மேல் பகை இல்லை. உங்கள் மைத்துனர் போடுகிற மெட்ஃபார்மினுக்கே பூர்வீகம் ஒரு ஐரோப்பியச் செடி, அதிலிருந்த பொருளைப் பின்பற்றிச் செய்து 1957இல் பாரிஸ் டாக்டர் ஒருவர் சர்க்கரைக்குக் கொடுத்துக் காட்டினார். இதய மருந்து டிஜாக்சினும் செடி, மலேரியாவின் ஆர்டிமிசினினும் செடி, அதற்கு 2015இல் நோபலே கொடுத்தார்கள். செடியில் மருந்து இருக்கிறது என்பதில் நமக்குள் சண்டையே இல்லை. நான் பயப்படுவது "பக்க விளைவே கிடையாது" என்ற அந்த ஒரு வரிக்குத்தான். மருந்தாக வேலை செய்கிற பொருள் வேறு வேலையும் செய்யும். ஆடுதீண்டாப்பாளை நம் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த மூலிகை, அதிலும் ஈசுவரமூலியிலும் இருக்கிற அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வரவைக்கும். இதே குடும்பத்துச் செடி கலந்த மெலிவு மருந்தைச் சாப்பிட்டு 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் எத்தனையோ பெண்களுக்குச் சிறுநீரகம் போனது. அதுவும் மூலிகைதான்.

படித்த சித்த மருத்துவர் இதை உங்களை விட நன்றாக அறிந்திருப்பார், அவரிடம் போங்கள். பேர் ஒட்டாத டப்பாவில் வருகிற மூட்டுவலிப் பொடி இரண்டே நாளில் வலியைப் பறக்க வைக்கிறது என்றால், அதில் ஸ்டீராய்டு இடித்துப் போட்டிருக்கிறார்களா என்று நான் கேட்பேன். முகம் பூசினாற்போல உப்பினால் இன்னும் பலமாகக் கேட்பேன்.

22 மார்ச், இரவு

கவுனி அரிசி சர்க்கரைக்கு நல்லது, மருந்தே வேண்டாம் என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். கறுப்பு அரிசி, நார் இருக்கிறது, வெள்ளைச் சோற்றுக்குத் தேவலைதான். பர்மாவிலிருந்து வந்தது என்ற பெருமையும் நமக்கு உண்டு. ஆனால் நாம் அதை எப்படித் தின்கிறோம்? குழைய வேகவைத்து, சீனி கொட்டி, நெய் ஊற்றி, தேங்காய்ப் பூவும் தூவி. சர்க்கரை நோய்க்கு இது மருந்து என்றால் அதிரசம் மாத்திரை.

2 ஏப்ரல்

"நீங்கள் விற்ற மருந்தில் வருத்தப்படுவது உண்டா" என்று ஒருவர் தனியாகக் கேட்டார். பொதுவிலேயே சொல்கிறேன்.

நிமெசுலைடு சிரப். குழந்தைகள் காய்ச்சலுக்கு. பாராசிட்டமாலை விட வேகமாக இறக்கும் என்று படம் போட்ட அட்டையைக் காட்டிப் பேசுவோம், உண்மையில் இறக்கவும் செய்யும். ஈரலுக்கு ஆகாது என்ற பேச்சு அப்போதே இருந்தது, கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதையும் கம்பெனி மனப்பாடம் செய்ய வைத்திருந்தது. 2011இல் 12 வயதுக்குக் கீழே கொடுக்கக்கூடாது என்று அரசு தடை செய்தது. அன்று நான் முதலில் நினைத்தது டாக்டர்களையோ டார்கெட்டையோ இல்லை. 2008இல் தங்கச்சி மகனுக்குக் காய்ச்சல் என்று போன் வந்தபோது பையிலிருந்து இரண்டு பாட்டில் எடுத்துக்கொண்டு போய், மூடியில் ஊற்றி, நானே வாயில் விட்டேன். ஒன்றும் ஆகவில்லை, இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். இருந்தாலும்.

தடை வந்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். தாமதமாக வந்தது, ஆனால் யாரோ கணக்கு வைத்திருந்ததால்தான் வந்தது. பேர் ஒட்டாத டப்பாவுக்குக் கணக்கு வைப்பது யார்?

12 ஏப்ரல்

நேற்று குன்றக்குடியில் பங்குனி உத்திரக் கூட்டம். போய் வந்து பார்த்தால் கோட்டையூர்க்காரர் எழுதியிருக்கிறார், அப்பச்சியை அழைத்துப் போய்ப் பார்த்தாயிற்று. எல்லா மாத்திரையையும் அட்டையோடு ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுபோய் மேசையில் கொட்டியிருக்கிறார். டாக்டர் முதலில் முகம் சுளித்தாராம், அப்புறம் அவரே எண்ணினாராம்.

ராத்திரி கேஸ் மாத்திரை போயிற்று, காலையில் இருப்பது டோம்பெரிடோன் இல்லாத சாதா மாத்திரை. கால்சியம் நிறுத்தம். பி காம்ப்ளக்ஸுக்குப் பதில் பி12, ஏனென்றால் மெட்ஃபார்மின் நெடுநாள் போட்டால் அது குறையும், பாதம் எரிகிறது என்று அப்பச்சி சொன்னதும் பரிசோதித்தார்கள், குறைவாகவே இருந்தது. ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. அப்பச்சிக்கு விடியற்காலை மூன்று மணிக்கு வியர்த்து விழிப்பு வருமாம், தூக்கம் சரியில்லை என்று அதற்காகத்தான் தூக்க மாத்திரை வந்ததாம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 5.9, இந்த மருந்து போடுகிற 74 வயதுக்காரருக்கு அது ரொம்ப இறக்கம். அது தூக்கமின்மையே இல்லை, சர்க்கரை தாழ்ந்து போய் எழுப்பியிருக்கிறது! சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கக்கூடிய கிளிமிபிரைடை எடுத்துவிட்டு வெறும் மெட்ஃபார்மின் கொடுத்திருக்கிறார்கள், தூக்க மாத்திரை இப்போது பாதி, அடுத்த மாதம் கால்.

11, 9 ஆனது. அம்மானுக்குப் போதவில்லையாம். பட்டியலைப் பார்த்ததும் இந்தக் கிளிமிபிரைடு என் கண்ணில் பட்டிருக்க வேண்டும். ஆஸ்பிரினைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

20 ஏப்ரல்

விலை பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக: பிரஷர், சர்க்கரை மாத்திரை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம், மக்களைத் தேடி மருத்துவம் வந்த 2021 முதல் பலருக்கு வீட்டுக்கே வருகிறது. பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகத்திலும் ஜெனரிக், அதாவது பிராண்டு பெயர் இல்லாத மருந்து, கிடைக்கிறது. நான் விற்ற பிராண்டுக்கும் அதற்கும் உள்ளே இருக்கும் மருந்தில் பேதம் இல்லை, பிராண்டு விலையில் என் பெட்ரோல் காசும் சேர்ந்திருந்தது.

27 ஏப்ரல்

ஊர் மாத்திரையை எண்ணியது போதும், நம் வீட்டை எண்ணுவோம் என்று ஆத்தாவின் மருந்து டப்பாவைத் திறந்தேன். பழைய பிஸ்கட் தகர டப்பா, சாமான் அறையில் எனாமல் தூக்குகளுக்குப் பின்னால் இருந்தது. நிறுத்தச் சொன்ன நீர் மாத்திரை, யூரிக் ஆசிட் மாத்திரை, பாதிப் பொட்டாசியம் சிரப் (பிசினாகிவிட்டது), என் அப்பச்சி காலமாகும் முன் சாப்பிட்ட இருமல் மருந்து, எல்லாம் பத்திரம். தூக்கி எறிகிறேன் என்றால் சண்டைக்கு வருகிறார், காசு கொடுத்து வாங்கியதை யாராவது எறிவார்களா, யாருக்காவது ஆகும் என்று. யாருக்கும் ஆகக்கூடாது ஆத்தா என்று சொல்லி, ஒவ்வொன்றாகப் பிதுக்கி, நனைத்த காபித்தூளோடு பிசைந்து கட்டினேன்.

அடியில் ஒரு கேஸ் மாத்திரை அட்டை. காலாவதி 2012. முதுகில் சிவப்பு எழுத்தில் டாக்டர் சாம்பிள், விற்பனைக்கு அல்ல என்று. இது காசு கொடுத்து வாங்கியது இல்லையே, இதையாவது எறியலாமா என்று கேட்டேன்.

"அது நீ குடுத்ததுப்பா" என்று வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.